கூழ்ப்பானையும் இளந்தலைமுறையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கூழ் என்னுஞ் சொல் இருவேறு உணவுகளைக் குறிக்கும். ஒன்று ஆடிப்பிறப்பன்று காய்ச்சும் இனிப்புக் கூழ். அரிசி மா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி ஆகியன சேர்ந்தது. மற்றையது ஒடியல் மாவிற் காய்ச்சும் உறைப்புக் கூழ். மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை எல்லாம் ஒரே பானையிற் கூடுவது. முன்னது பண்டிகைக்குரியது. பின்னது உறவினர் கூடும் நாளுக்குரியது. இருவர் மட்டும் உண்பதற்கென அதனைக் காய்ச்சும் வழக்கம் இல்லை.

இவ்விரண்டின் பெயரையும் இன்றைய சிறுவர் அறிவர். நவாலியூர் க. சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைப் பற்றிச் சிறுவர்க்கெனப் பாடிய பாட்டை மனனஞ் செய்தோர் பலர். ஆயின், பாட்டை ஒப்பிக்கும் பிள்ளைகளுட் பனங்கட்டியை எப்பொழுது பானையில் இடுவது என்று அறிந்தவர் மிகச் சிலரே. பெயர் நிற்கின்றது, கைப்பழக்கம் போய்க்கொண்டிருக்கின்றது. கைப்பழக்கம் போயின், அதற்கு வேண்டிய நெல்லையும் பயற்றையும் குரக்கனையும் கிழங்கையும் விளைவிக்கும் நோக்கமும் நாளடைவிற் போய்விடும். ஆதலின், இஃது அடுக்களையோடு முடியும் விடயமன்று. கமக்காரரும் கவனிக்க வேண்டியதொன்றாகும்.

இடையில் அறுந்த இழை

இளைஞருக்குப் பழைய உணவிற் பற்றில்லை என்று முதியோர் குறை கூறுவதுண்டு. அக்குறை முற்றும் பொருந்துவதன்று. இழை அறுந்தது பேரப்பிள்ளைகளிடத்தன்று, அவர்களுடைய பெற்றோரிடத்திலேயாம். அதற்குக் காரணமும் உண்டு.

1970களில் உணவுப் பொருள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், மரவள்ளியும் குரக்கனும் பல வீடுகளில் வேறு வழியின்றி உண்ணும் உணவாயின. 1990களிற் குடாநாட்டுக்குப் பொருட்கள் வருவது தடைப்பட்ட ஆண்டுகளிலும் அவ்வாறே. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரத்தையும் வலிகாமத்தையும் விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் மக்கள் இடம்பெயர்ந்தபொழுது, உரலையும் ஆட்டுக்கல்லையும் எவரும் தூக்கிச் செல்லவில்லை. அக்காலத்திற் சிறுவராய் இருந்தோர் மனத்தில் ஒடியற் பிட்டு என்பது இல்லாமையின் உணவாகவே பதிந்தது. அவர்கள் பெற்றோரானபொழுது, தாம் பட்ட பாட்டைப் பிள்ளைகள் படலாகாது எனக் கருதி, பாணும் கோதுமை மாப் பிட்டும் கடையில் வாங்கும் பொட்டலத் தின்பண்டமும் கொடுத்தனர். இதிற் குற்றங் காண்பதற்கில்லை. பசியை அறிந்தவர் பசியை நினைவூட்டும் பண்டத்தைப் பிள்ளையின் தட்டில் வைக்கத் தயங்குவது இயல்பே.

ஆனால், அப்பசியை அறியாத பேரப்பிள்ளைக்கு அத்தயக்கம் இல்லை. புழுக்கொடியலைக் கடித்துச் சுவைத்துவிட்டு, “இது எப்படிச் செய்தது, அம்மம்மா?” என்று கேட்பது அப்பிள்ளையே. 1983ஆம் ஆண்டின் பின்னர் கனடா, பிரித்தானியா, பிரான்சு, சுவிற்சர்லாந்து, நோர்வே முதலிய நாடுகளுக்குச் சென்ற குடும்பங்களிற் பிறந்த பிள்ளைகளும் இதனையே தொலைபேசியிற் கேட்கின்றனர். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க இயலாத பிள்ளையும் பிட்டு, சொதி, சம்பல், வறை என்னுஞ் சொற்களைப் பிழையின்றி உச்சரிக்கும். மொழி தளர்ந்தவிடத்தும் நாக்கு நினைவு வைத்திருக்கின்றது.

கேள்விக்கு விடை கிடைப்பதிலேதான் இடர்ப்பாடு. “ஒரு சிறங்கை மா, நெல்லிக்காயளவு புளி, கண்ணளவாய் உப்பு” என்பதே பெரும்பாலும் விடையாகும். சொல்பவருக்கு அது போதும், கேட்பவருக்குப் போதாது. இதற்கு எளிய வழியொன்று உண்டு. பாட்டியாரிடம் அளவு கேட்டுத் தொல்லைப்படுத்தாது, அவர் சமைக்கத் தொடங்குமுன் மாப் பாத்திரத்தையும் புளியையும் உப்பையும் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அவர் தம் வழக்கப்படி கையால் அள்ளிச் சமைத்து முடித்தபின், எஞ்சியவற்றை மீண்டும் நிறுத்தால், கையளவு கிராமளவாகத் தெரிந்துவிடும். இவ்வாறு இரண்டு மூன்று தடவை செய்து பார்ப்பின் அளவு உறுதிப்படும். முதியவர் உயிரோடும் உடல்வலுவோடும் உள்ளபொழுதே செய்ய வேண்டிய வேலை இது. அடுத்த விடுமுறைக்கென ஒத்திவைத்த பலருக்கு அவ்விடுமுறையில் அடுக்களை வெறுமையாயிருந்தது.

பனையின் ஓராண்டு

அளவு அறிந்தால் மட்டும் கூழ் வந்துவிடாது. ஒடியல் எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்த பிள்ளைக்கே அதன் குணம் விளங்கும்.

ஆடி, ஆவணி மாதங்களிற் பனம்பழம் விழும். பழத்தின் களியைப் பிசைந்தெடுத்துப் பனங்காய்ப் பணியாரஞ் சுடுவர். பாயிற் பரப்பி, காயக்காயப் படை மேற் படையாக ஊற்றி உலர்த்திப் பனாட்டு ஆக்குவர். களி எடுத்த விதைகளை வீசிவிடாது சேர்த்து, மாரி மழைக்கு முன்னர் மணற்பாங்கான நிலத்திற் பாத்தி கட்டி நெருக்கமாக அடுக்கி மண்ணால் மூடுவர். மழை பெய்து விதை முளைத்து, மார்கழி முதல் மாசி வரையிற் கிழங்கு கிண்டும் பருவம் வரும். பாத்தி கிண்டும் நாள் சிறுவருக்குக் கொண்டாட்டமான நாள். முளைவிட்ட விதையைக் கத்தியாற் பிளந்தால் உள்ளே பஞ்சுபோல் இனிக்கும் பூரான் கிடைக்கும்; அதற்கு எந்த வீட்டிலும் போட்டி உண்டு. பிள்ளைகளைப் பனங்காணிக்கு அழைத்துச் செல்ல வேறு தூண்டுதல் வேண்டியதில்லை.

கிண்டிய கிழங்கை அவித்து உடனே உண்ணலாம். அவித்துப் பிளந்து வெயிலிற் காயவைப்பின் புழுக்கொடியல். அவிக்காது, தோலுரித்து, நுனியையும் நடுவிலுள்ள பீலியையும் நீக்கி, இரண்டாகப் பிளந்து காயவைப்பின் ஒடியல். ஒடித்தாற் சடக்கென முறியும் பதம் வரும் வரை காய்தல் வேண்டும். சற்று ஈரம் இருப்பினும் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததை இடித்து மாவாக்கலாகாது. நன்கு காய்ந்த ஒடியலைக் காற்றுப்புகாத தகரத்தில் அல்லது மூடியிறுகிய வாளியில் இட்டு, வேண்டும்பொழுது வேண்டிய அளவே இடித்துக்கொள்வது நன்று.

கசப்பு நீக்குதல்

ஒடியல் மாவிற்குக் கசப்பு உண்டு. அதனை நீரிற் கரைத்து இரண்டு மூன்று மணி நேரம் விட்டால், மா அடியிற் படியும். மேலே நிற்கும் நீரை வடித்துப் புதுநீர் விடல் வேண்டும். இருமுறை, வேண்டின் மும்முறை, இவ்வாறு செய்வர். பழையவர் இதனை வெறுஞ் சுவைக்காகச் செய்தனர் என்று இளையோர் எண்ணி, நேரம் மிச்சம்பிடிக்க இப்படியை விட்டுவிடுவதுண்டு. அது தவறு. அவிக்காத பனங்கிழங்கு மாவில் உடலுக்கு ஒவ்வாத பொருள் உண்டென்பது ஆய்வுகளிலும் காணப்பட்டுள்ளது. வடித்த நீரைக் கூழிற் சேர்க்கலாகாது. இணையத்தில் வரும் குறுஞ்செய்முறைகள் சிலவற்றில் இப்படி விடுபட்டிருப்பதால், மாவை விற்கும் கமக்காரர் பொதியின்மேல் இதனை எழுதி ஒட்டுவது நல்லது.

மரவள்ளிக்கும் இத்தகைய விதி உண்டு. தோலை முற்றாக நீக்கிக் கழுவி, மூடாத பாத்திரத்தில் நிறைந்த நீரில் அவித்து, அந்நீரை ஊற்றிவிடல் வேண்டும். கிழங்கிலுள்ள நச்சுத்தன்மை நீரோடும் ஆவியோடும் நீங்குதற்கே “மூடி போடாதே” என்று ஆச்சிமார் கூறினர். காரணங் கூறாது கட்டளையாகக் கூறியமையால், அது மூடநம்பிக்கை எனத் தள்ளப்பட்டது. பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்பொழுது காரணத்தையுஞ் சேர்த்துக் கூறின் விதி நிலைக்கும்.

எட்டுப்பேருக்குக் கூழ் காய்ச்சுதற்கு ஒடியல் மா கால் கிலோ போதும். பெரிய பானையில் நீர் கொதித்ததும், ஒரு பிடி அரிசி, பிளந்த பலாக்கொட்டை இருபது, மூன்றங்குல நீளமாக முறித்த பயிற்றங்காய் ஒரு பிடி ஆகியவற்றை இட்டு அவிய விடல் வேண்டும். மேற்கூறியவாறு தனியே அவித்து வடித்த மரவள்ளித் துண்டுகள் கால் கிலோவும், துப்புரவாக்கிய மீன், நண்டு, இறால் எல்லாமாக ஒரு கிலோவும், உப்பும் பின்னர் சேரும். மீன் அவிந்ததும், செத்தல் மிளகாய் பன்னிரண்டும் சிறிது மஞ்சளும் சேர்த்து அம்மியில் அரைத்த கூட்டையும், எலுமிச்சம்பழ அளவு பழப்புளியின் கரைசலையும் விடுதல் வேண்டும். இறுதியிலேயே ஒடியல் மா. வடித்தெடுத்த மாவைச் சிறிது நீரிற் கட்டியின்றிக் கரைத்து, ஒருவர் ஊற்ற மற்றொருவர் அகப்பையால் இடைவிடாது துழாவுதல் வேண்டும். தனியொருவர் செய்யின் அடிப்பிடிக்கும். கூழ் தடித்துப் பளபளக்கும்பொழுது முருங்கையிலையைத் தூவி இறக்கலாம். மச்சம் உண்ணாதோர் பூசணியும் வாழைக்காயும் கூட்டி இதே முறையிற் காய்ச்சுவர். அதுவுஞ் சுவை குன்றாது.

பலாவிலையைக் கோலி ஈர்க்கினாற் குத்தியோ, பனையோலையிற் பிளாக் கட்டியோ, முற்றத்தில் இருந்து குடிப்பதே முறை. இலை கோலுவது சிறுவர் வேலை. அதனைக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும்; கோப்பையிற் குடித்த பிள்ளைக்கும் தன் கையாற் கோலிய இலையிற் குடித்த பிள்ளைக்கும் வேறுபாடு உண்டு.

நெல்லும் புதிரும்

பிட்டும் இடியப்பமும் இன்று பெரும்பாலுங் கோதுமை மாவில் ஆகின்றன. இலங்கையிற் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வரும் மாவை அவித்து அரித்துப் பிட்டாக்கும் வீட்டின் பின்வளவிலேயே, விலைபோகாத சிவப்பு நெல் மூடையாகக் கிடப்பதும் உண்டு. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிற் கோதுமை மாவின் விலை ஏறி, கடையில் மாவே அருகியபொழுது, அரிசி மா வறுக்கத் தெரிந்த வீடுகள் திகைக்கவில்லை. தெரியாத வீடுகள், நெல் இருந்தும் தடுமாறின.

வறுத்தல் கடினமான வேலையன்று. பச்சையரிசியை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, நீர் வடித்து, இடித்து அரித்து, அகன்ற சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தல் வேண்டும். விரலிடையில் எடுத்துத் தூவினாற் கோலமாவைப்போலத் தடையின்றி வீழ்வதே பதம். நிறம் மாற விடலாகாது. இப்பதத்தை எழுத்திற் படித்து அறிவதிலும், ஒருமுறை விரலால் தொட்டு அறிவது மேல்.

எந்நெல்லும் மாவாகும் என்பது உண்மையே. ஆயினும் மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய நாட்டு நெல்லின் மாவிற் பிட்டு அவித்து உண்டவர் வேற்றரிசி மாவை எளிதில் ஒப்பார். இவ்வினங்கள் உயர்ந்து வளர்வதால், உரம் மிகின் சாயும். விளைச்சலும் திருந்திய இனங்களிலும் குறைவு. ஆதலால், வயல் முழுவதிலும் இவற்றையே விதைக்குமாறு கூறுவது கமக்காரருக்கு நன்மையாகாது. விற்பனைக்கு வேண்டிய நெல்லைத் திருந்திய இனத்திற் செய்து, வீட்டுத் தேவைக்கென ஒரு பரப்பிலோ இரண்டு பரப்பிலோ நாட்டு நெல்லைக் காலபோகத்தில் விதைத்தல் தகும்.

திருந்திய நெல்லுக்கும் நாட்டு நெல்லுக்கும் பகையில்லை என்பதையும் பிள்ளைகள் அறிதல் நன்று. 1958ஆம் ஆண்டளவில் வெளியிடப்பட்டு நாடெங்கும் பரவிய எச் 4 என்னும் இனம், முருங்கைக்காயன் என்னும் நம் நாட்டு நெல்லையும் மாஸ் என்னும் இந்தோனேசிய நெல்லையும் கலந்து ஆக்கப்பட்டது. பாட்டனார் காத்த விதை இல்லையேல் அந்தப் புது விதையும் இல்லை. கன்னொறுவையிலுள்ள பயிர் மரபு வளங்களைக் காக்கும் நிலையத்தில் நாட்டு நெல்லினங்களின் விதைகள் குளிரறையிற் பேணப்படுகின்றன. குளிரறை விதையைக் காக்கும். அந்நெல்லில் எப்பண்டஞ் சிறக்கும் என்னும் அறிவைக் காப்பது வீட்டின் பொறுப்பு.

வீட்டுக்கென விதைத்த துண்டில், நடுப்பகுதிக் கதிரையே விதைக்கு எடுத்தல் வேண்டும். வரம்போரம் பிற இனம் கலந்திருக்கும். கதிர் வெளிவரும் பருவத்திலும் முற்றும் பருவத்திலும் வயலில் இறங்கி, உயரத்திலோ உமி நிறத்திலோ வேறுபட்டவற்றைக் களைதல் வேண்டும். இவ்வேலைக்குச் சிறுவர் கண் மிக ஏற்றது. “வேறாயிருப்பதைப் பிடி” என்றால் விளையாட்டாகச் செய்வர். விதைநெல்லின் ஈரம் நூற்றுக்கு 13 வீதத்துக்கு மேற்படாதவாறு காயவைத்து, இனத்தின் பெயரும் போகமும் எழுதிய துண்டைப் பொதியின் உள்ளும் புறமும் வைத்தல் வேண்டும். பெயர் அழிந்த விதை ஊர் தெரியாத விருந்தாளி போன்றது.

தைப்பூசத்தன்று புதிர் எடுக்கும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் உண்டு. குடும்பத் தலைவர் வயலுக்குச் சென்று முதற் கதிரை அறுத்து வந்து, அந்தப் புத்தரிசியையுஞ் சேர்த்துப் பொங்கி, வீட்டார் எல்லாரும் கூடியுண்பர். அறுவடை இயந்திரம் வந்தபின், கதிரை அரிவாளால் அறுத்துப் பாராத பிள்ளைகள் கமக்காரர் வீட்டிலேயே உளர். புதிர் எடுக்கும் காலையில் ஒரு பிடிக் கதிரையாவது பிள்ளையின் கையால் அறுப்பித்து, அந்நெல்லைக் கையால் உமி நீக்குவித்துப் பானையில் இடுவித்தல் கூடும். நெல் சோறாகுமுன் எத்தனை கை மாறுகின்றது என்பதை அப்பிள்ளை அன்றே அறியும்.

வேலியில் இருந்த கறி

முசுட்டை, மொசுமொசுக்கை, தூதுவளை, குறிஞ்சா என்பவற்றை எவரும் பாத்தி கட்டி வளர்த்ததில்லை. கிளுவையும் பூவரசும் நட்ட வேலியில் அவை தாமே படர்ந்தன. காலையில் வேலியோரம் நடந்தால் ஒரு வறைக்கோ இலைக்கஞ்சிக்கோ போதிய இலை கைக்கு வந்துவிடும். இன்று வேலிகள் மதில்களாகின்றன. மதிலிற் கொடி படராது. கறி மறைந்ததற்கு நாகரிகத்தைக் குறை கூறுவோர் பலர். மதிலைக் குறை கூறுவோர் இல்லை.

மதில் கட்டியோர் அதனை இடிக்க வேண்டியதில்லை. கிணற்றடியில் வழிந்தோடும் நீர் படும் இடத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும், கொல்லைப்புறத்தில் ஒரு கிளுவை வரிசையும் அதன்மேல் முசுட்டைக் கொடியும் வைக்கலாம். ஒரு முருங்கை, ஓர் அகத்தி, ஒரு கறிவேப்பிலை ஆகியன கூடின் வீட்டு இலைக்கறி ஏறக்குறைய நிறைவுபெறும். வெங்காயம், மிளகாய், புகையிலை செய்யும் தோட்டங்களிற் பூச்சிகொல்லி தெளிக்கும்பொழுது, அயலிலுள்ள இவ்விலைகளிற் படாதவாறு பார்த்தல் வேண்டும். பட்ட இலையைப் பறித்து உண்ணலாகாது.

இலையின் பெயரைப் பிள்ளைக்குக் கற்பிக்க நூல் வேண்டியதில்லை. “மொசுமொசுக்கை பறித்து வா” என்று அனுப்பினால், முதல்முறை வேறிலை பறித்து வரும். இரண்டாம் முறை சரியாகப் பறிக்கும். முதல்முறை பறித்ததைப் பெரியவர் பாராது சமைத்துவிடாதிருத்தல் மட்டும் முக்கியம்.

விற்பனையும் உண்டு

இவ்வுணவுகளுக்கு வாங்குவோர் இல்லை என்பது பழைய எண்ணம். வட மாகாணத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் அமைந்த ‘அம்மாச்சி’ உணவகங்களிற் பெண்கள் வாடிக்கையாளர் கண்முன்னே குரக்கன் ரொட்டியும் தோசையும் பிட்டும் சமைத்து விற்கின்றனர். அங்கு வரிசையில் நிற்போரிற் பாடசாலை மாணவரும் அலுவலக இளைஞரும் உளர். விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருவோர் திரும்பும்பொழுது ஒடியல் மா, புழுக்கொடியல், வறுத்த அரிசி மா, வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஆகியவற்றையே பெட்டியில் அடுக்குகின்றனர். தொறொன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள தமிழ்க் கடைகளில் ஒடியல் மா விற்பனையாவது இதனால் நேர்ந்ததே.

எனினும், வாங்குவோரின் நம்பிக்கை ஒருமுறை கெடின் மீளாது. மிளகாய்த்தூளிற் கலப்பும், பூஞ்சணம் பிடித்த ஒடியலின் மாவும் சந்தைக்கு வருவதுண்டு. பொதியில் இடித்த திகதி, மூலப்பொருள், உற்பத்தி செய்தவர் முகவரி ஆகியவற்றோடு சமைக்கும் முறையையும் இரண்டு மூன்று வரிகளில் எழுதுதல் வேண்டும். அவ்வரிகளை எழுதும் வேலையை வீட்டிலுள்ள இளையோரிடம் ஒப்படைக்கலாம். பாட்டியாரிடம் கேட்டு, நிறுத்து, சமைத்துப் பார்த்தே அவர்கள் எழுத வேண்டியிருக்கும்.

பனம்விதை பாத்தியிடுவோர் ஆவணி முடியுமுன் விதைகளைச் சேர்த்து நிழலிற் குவித்துக்கொள்க. காலபோக விதைப்புக்கு நாட்டு நெல்விதை வேண்டுவோர் அயற் கமக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தலும், கிடையாதவிடத்துத் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் விசாரித்தலும் நன்று.